புடைத்த மணல்

சரோஜினி நகர் அரசாங்க குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பின்கட்டு உண்டு. ஆள் உயரச் சுவர், ஒரு குழாய், துணி காயப்போட ஒரு கம்பி, அவ்வளவுதான். அந்த இடத்தில் துளசி வைத்தவர்கள் உண்டு. முருங்கை வைத்து டெல்லிக் குளிருக்குப் பறிகொடுத்தவர்கள் உண்டு. கோழி வளர்த்து அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. கார் வளர்த்தவர் பரமசிவம் ஒருவர்தான். முழுக் கார் இல்லை, கை வேறு கால் வேறாக வரும். சக்கர ரிம், பிரேக் டிரம், மட்கார்டு என்று கோணியில் சுற்றிக்கொண்டு வந்து இறக்குவார்கள். வரும்போது துருவும் பழைய பெயிண்டும் எண்ணெய்ப் பிசுக்குமாக, தொட்டால் கையைக் கழுவ வேண்டும்போல் இருக்கும். போகும்போது வெள்ளி மாதிரிப் போகும்.

அதைச் செய்தது ஒரு பெட்டி. பழைய சாமான் விற்கும் கபாடிக்காரனிடம் வாங்கிய இரும்பு பீரோவை மல்லாக்கப் படுக்க வைத்து, நாலு கால் கொடுத்து, பரமசிவமே கட்டிய பெட்டி. மேலே பார்ப்பதற்குக் கண்ணாடி. முன்பக்கம் இரண்டு வட்ட ஓட்டை, அவற்றில் முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறைகள். சாமானை உள்ளே வைத்து மூடி, கையுறைக்குள் கையை விட்டு, உள்ளே இருக்கும் துப்பாக்கியைப் பிடித்துக் கால் கட்டையை மிதித்தால், கம்ப்ரசர் காற்று மணலை வாரி அடிக்கும். பெயிண்டும் துருவும் பொடிப்பொடியாக உதிரும். அடித்த மணல் புனல் வழியாகக் கீழே டின்னில் விழும். தூசிக் காற்றுக்கு ஒரு தகரக் குழாய் வைத்து, அதன் வாயில் கோணிப்பை கட்டி, சமையலறைக் கதவு ஓரமாக வெளியே விட்டிருந்தார். சாண்ட் பிளாஸ்டிங் என்று அதற்குப் பெயர். வீட்டில் எல்லோருக்கும் அது மணல் பெட்டி.

பரமசிவத்துக்கு ஊர் குடியாத்தம். ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பிரிவில் இருந்துவிட்டு வந்து, டெல்லியில் ஓர் இலாகாவின் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். ஆபீஸ் விட்டு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி ஓடும். அரசாங்க வீட்டில் இப்படி ஒரு தொழில் நடத்தலாமா என்று கேட்டால் நடத்தக்கூடாதுதான். ஆனால் மாடி வீட்டு சேஷனின் ஸ்கூட்டரை யார் சும்மா பார்த்துக் கொடுப்பது? அதனால் யாரும் புகார் எழுதிப் போடவில்லை. சாணக்யபுரியிலிருந்து தூதரக டிரைவர்கள் வந்தார்கள். பழைய கார் வைத்துக்கொண்டு, வருஷம் ஒருமுறை பிப்ரவரி ஊர்வலத்தில் அதை ஓட்டி மீசையை முறுக்கும் பெரிய மனிதர்கள் ஆள் அனுப்பினார்கள். குளிர்காலத்தில் பரமசிவத்துக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

பெட்டியில் பாதி வேலைதான் பரமசிவத்தினுடையது. மறுபாதி அவர் மனைவி அம்சவேணியினுடையது. இதை அவரே வாய் நிறையச் சொல்லுவார்.

விஷயம் இதுதான். ஒரு தடவை அடித்த மணலில் பாதி மாவாகிவிடும். அந்த மாவு கலந்த மணலை மறுபடி போட்டால் பெட்டிக்குள் புகைமூட்டமாகிக் கண்ணாடி மறைந்துவிடும், அடியும் பலமாக விழாது. ஆரம்பத்தில் பரமசிவம் அதைக் கொட்டிவிட்டு பதர்பூர் பக்கத்திலிருந்து புது மணல் வரவழைத்தார். நல்ல மணலைக் கொட்டுவதைப் பார்க்க அம்சவேணிக்குப் பொறுக்கவில்லை. குருணை கலந்திருக்கிறது என்பதற்காக அரிசியைக் கொட்டுகிறோமா? முதலில் சல்லடையில் போட்டுப் பெயிண்ட் செதிலை எடுத்தாள். பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த முறத்தை எடுத்துப் பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து புடைத்தாள். மாவு மேலே பறந்தது, முழு மணல் முறத்தில் நின்றது. பரமசிவம் அதைக் கையில் அள்ளிப் பார்த்து, புது மணலைவிட நன்றாக இருக்கிறதே என்று வாயெல்லாம் பல்லானார். அன்றிலிருந்து ஆறு குளிர்காலமாக அவள் மணல் புடைத்தாள். மணல் துளி ஈரமிருந்தாலும் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும் என்பதால், வாளியில் அள்ளி மாடிப்படி ஏறி மொட்டை மாடியில் காயவும் வைத்தாள்.

நாலு பக்கமும் சுவர் வைத்த இடத்தில் காற்று எங்கே வரும்? மாவு எழும்பும், சற்று நேரம் நிற்கும், அவள் மேலேயே இறங்கும். புருவமும் முன்தலையும் வெளுத்துப்போய் எழுந்திருப்பாள். மாடியிலிருந்து சேஷன் எட்டிப் பார்த்து, "என்னம்மா அம்சவேணி, பௌடர் பூசிண்டு எங்கே கிளம்பிட்டே?" என்பார். "சினிமாவுக்குத்தான் சாமி, நீங்களும் வர்றீங்களா?" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி முடிந்த மறு வருஷம், தீபாவளி கழிந்து குளிர் இறங்கியதும் பரமசிவம் இருமத் தொடங்கினார்.

அவர் இருமாத மனிதர் இல்லை. பீடி குடிக்கிறவர். ஆனால் இந்த இருமல் விடியற்காலையில் ஆரம்பித்தது, சளியில்லாமல் வறட்டு இருமலாக. அம்சவேணி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஏனென்றால் அந்த இருமலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

அவள் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா தர்மன் பூமிக்கு அடியில் பாறையில் துளை போடுகிறவர். மார்பு அகன்ற ஆள். நாற்பது வயதுக்கு மேல் அந்த மார்பு அவருக்குப் பயன்படவில்லை. குழாயடிக்குப் போய்வந்தால் மூச்சுக்குத் திண்டாடினார், பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினார், பிறகு தூங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்று வீட்டில் ஆணியில் தொங்கிற்று. சூரிய கிரகணத்தன்று சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நைனாவின் நெஞ்சு வழியாகச் சூரியனைப் பார்த்தவள் அம்சவேணி. அந்தக் கறுப்பில் ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. "அது இன்னாம்மா?" என்று கேட்டதற்கு, "கல்லுடி, கல்லு. உங்க நைனா தின்ன கல்லு" என்று அம்மா சொன்னாள்.

இப்போது விடிகாலையில் கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது, அந்த முதுகுக்குள் ரவை விழுந்துகொண்டே இருப்பதாக அவளுக்குத் தோன்றும். எழுந்து பெட்டியை உடைத்துப் போட்டுவிடலாமா என்றிருக்கும். விடிந்ததும் அதே பெட்டிக்கு மணல் புடைக்க உட்காருவாள். என்ன செய்வது, சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

வாயை விட்டுச் சொன்னது மாடி வீட்டு சேஷனின் மனைவி வத்சலாவிடம் மட்டும்தான். மொட்டை மாடியில் ஒரு பக்கம் வத்சலா வடாம் காயவைத்திருந்தாள். மறுபக்கம் அம்சவேணி பழைய புடவையை விரித்து மணலைக் கொட்டினாள்.

"என்னடி, ராத்திரி தூங்கலையா? கண்ணெல்லாம் செவந்திருக்கே" என்றாள் வத்சலா.

"தூக்கம் எங்க மாமி வருது? அவரு இருமுறத கேட்டுக்கினே படுத்திருந்தேன்."

"டெல்லில இந்த மாசத்துல இருமாதவா யாரு? எங்காத்து மனுஷரக் கேக்கவே வேண்டாம். கார்த்தால எழுந்து இரும ஆரம்பிச்சார்னா கீழ பால்காரன் மிரண்டு போறான்."

"இது அந்த இருமல் இல்ல மாமி. எங்க நைனா இருமல். எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

"சும்மா எதையாவது கற்பனை பண்ணிண்டு உடம்பைக் கெடுத்துக்காதே. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டாப் போச்சு. ஆஸ்பத்திரி என்ன அமெரிக்காவுலயா இருக்கு?"

"வரமாட்டேன்றாரே மாமி. ஆஸ்பத்திரின்னாலே அப்பால பாக்கலாம், அப்பால பாக்கலாம்னு சொல்லிக்கினே கீறாரு."

வத்சலா வடாத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரை விடு. நீ ஏன் இப்படி மூச்சு வாங்கறே? வர வழியில ரெண்டு எடத்துல நின்னுட்டு வந்தியே, நான் பாத்துண்டுதான் இருந்தேன்."

"மணல் கனம் மாமி."

"முன்னல்லாம் ரெண்டு கையிலயும் வாளியைத் தூக்கிண்டு வருவியே, அப்போ கனமில்லையோ?"

"வயசு ஆவுதில்ல?"

"என்னடி பெரிய வயசு. நாப்பது ஆகலை இன்னும். இருமறே வேற."

"அது அங்கீட்டி அடுப்புப் பொகை. காத்தால கரி பத்த வெக்கிறேன் இல்ல, அந்தப் பொகை." அம்சவேணி இதை அவசரமாகச் சொல்லிவிட்டுக் கணவரிடம் திரும்ப வந்துவிட்டாள். "அவரு ஒடம்பு எளைச்சிப் போச்சி மாமி. சட்டையெல்லாம் தொளதொளன்னு கீது. நீங்க பாக்கல?"

தன் ரவிக்கைகளை இரண்டு தையல் உள்ளே பிடித்திருப்பது அவளுக்கு நினைவில்லை. பயம் ஒரு பக்கமே பார்க்கும் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேசியே தீருவது என்று முடிவு செய்தாள். வசந்த விஹாரில் ஒரு ரிட்டயர்டு கர்னல். அவருடைய பழைய காரின் சக்கர ரிம்கள் வந்திருந்தன, ஊர்வலத்துக்கு முன்னால் வேண்டுமாம். பரமசிவம் வாயையும் மூக்கையும் ஈரத்துண்டால் கட்டிக்கொண்டு, பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு நின்றிருந்தார். கம்ப்ரசர் போட்ட கூச்சலில் பின்கட்டுச் சுவரே அதிர்ந்தது. அம்சவேணி பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டாள். கேட்கவில்லை. கத்தினாள். கேட்கவில்லை. அந்த மிஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவள் போய் ஸ்விட்சை அணைத்தாள்.

பரமசிவம் கையை உருவிக்கொண்டு திரும்பினார். "கரன்ட் பூட்ச்சா?"

"நான்தான் நிறுத்தினேன்."

"இன்னாத்துக்கு? பாதி ரிம்மு அப்பிடியே கீது. நிறுத்திட்டா ஈரம் புடிச்சிக்கும்னு தெரியாதா உனுக்கு?"

"எக்ஸ்ரே எடுக்கப் போலாம்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? தே பாரு, நல்லா பாரு." பெட்டியைத் தட்டிக் காட்டினார். "தூசி எங்க கீது? பொட்டிக்குள்ள கீது. நான் எங்க கீறேன்? வெளிய கீறேன். அதுக்குத்தான் பொட்டி. இல்லாட்டி திறந்தவெளியில அடிச்சிக்கினு போமாட்டேனா? மூஞ்சில ஈரத்துண்டு வேற. உங்க நைனா மாதிரி சுரங்கத்துலயா ஒக்காந்துனு கீறேன்?"

"நைனாவும் அப்பிடித்தான் சொல்லிச்சி. தண்ணி ஊத்தித்தான் தொளை போட்றோம், தூசியே இல்லன்னுச்சி."

"அம்சா, சொன்னா கேளு. எக்ஸ்ரேல எதுனா ஒண்ணு இருக்குதுன்னு எழுதிட்டான்னு வெச்சிக்க, ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலைக்கு லாயக்கில்லன்னு அனுப்பிச்சிருவான். வீடு போச்சி. இந்திராணி படிப்பு போச்சி. இருக்கிறது தெரியாம இருக்கிறதே மேலு."

அப்போதுதான் அம்சவேணிக்குப் புரிந்தது. மனிதர் தெரியாமல் மறுக்கவில்லை, பயந்து மறுக்கிறார். அதே பயம் இரண்டு பேர் வயிற்றிலும் தனித்தனியாக இருந்திருக்கிறது. இத்தனை நாள் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று அவள் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கோபம் போய் அழுகை வந்தது, ஆனால் அவள் அழவில்லை.

பிளஸ் டூ படிக்கிற மகள் இந்திராணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, சலோ நா, போலாம். அம்மா எத்தனை நாளா போல் ரஹீ ஹை, கேளுங்களேன். ஒரு போட்டோதானே?"

"நீ போயி படி."

அம்சவேணி சுவரில் ஆணியில் மாட்டியிருந்த முறத்தைப் பார்த்தாள். ஆறு வருஷ மணல் உரசி உரசி அதன் மூங்கில் வழவழவென்று வெளுத்திருந்தது. "சரி. எக்ஸ்ரே எடுக்கிற வரிக்கும் நான் முறத்தத் தொடமாட்டேன். உங்க மணல நீங்களே புடைச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பரமசிவம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராணுவத்தில் டிரக்கையே கழற்றி மாட்டியவருக்கு முறம் என்ன பிரமாதம்? மறுநாள் மாலை ஆபீஸ் விட்டு வந்து, முறத்தில் மணலை அள்ளிப் போட்டு ஓர் ஆட்டு ஆட்டினார். மணல் மடியில் விழுந்தது. இன்னொரு ஆட்டு ஆட்டினார். கண்ணில் விழுந்தது. மேலேயிருந்து சேஷன், "என்ன பரமசிவம், ஆத்துல ஸ்ட்ரைக்கா? எங்க ஆபீஸ் யூனியன்கூட இவ்வளவு கறாரா இல்லையே" என்றார். பரமசிவம் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் புடைக்காத மணலையே பெட்டியில் போட்டார். உள்ளே ஒரே புகைமூட்டம். ரிம் எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இப்படி நாலு நாள் தடவிக்கொண்டிருந்தார். கர்னலின் டிரைவர் வந்து, சாப் கேட்கிறார் என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

"சரி, வா. எங்க வரணும் சொல்லு" என்றார் பரமசிவம் கடைசியில்.

பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி. வராந்தாவில் கம்பளியும் சால்வையுமாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இருமினார்கள். பரமசிவம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொன்றில் எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது வண்டிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸ் இறக்கியவர். அந்த மனிதரின் கை இப்போது சில்லிட்டிருந்தது. அம்சவேணி அதைத் தன் சால்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், வடக்கத்தியர். பரமசிவத்தின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு எக்ஸ்ரேக்கு எழுதினார். சீட்டைக் கையில் வாங்கியதும் பரமசிவம் எழுந்த வேகத்தைப் பார்த்தால் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார் போலிருந்தது.

"அப்பால வர்லாம் அம்சா. கூட்டமா கீது பாரு."

இவருக்குப் பயம், முதலில் எனக்கு எடுக்க எழுதிக் கொடுங்கள் என்று அம்சவேணி டாக்டரிடம் தன் கடைத்தெரு ஹிந்தியில் சொன்னாள். "டாக்டர் ஜி, இவருக்கு டர். எனக்கும் ஒண்ணு லிக்தோ. நான் பஹ்லே எடுத்துக்கினா, அப்புறம் இவரும் வருவாரு."

டாக்டர் சிரித்தார். விளையாட்டுக்குச் செய்வதுபோல அவள் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். இன்னொரு இடத்தில் வைத்து மறுபடி இழுக்கச் சொன்னார். இன்னொரு இடத்திலும் வைத்தார். பிறகு சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. காரியம் முடிந்த சந்தோஷத்தில் இருந்தாள்.

எக்ஸ்ரே அறையில் அவள்தான் முதலில் போனாள். பலகையில் மார்பைப் பதித்து நின்று, கதவு இடுக்கில் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்து, "தே பாருங்க, ஒண்ணுமே பண்ணல. கொஞ்சம் சில்லுனு கீது, அம்மாந்தான்" என்றாள். "ஹிலோ மத்!" என்று ஆபரேட்டர் அதட்டினான். அசையாமல் நின்றாள். மூச்சை அடக்கச் சொன்னான். அடக்க முடியாமல் இருமல் வந்து, இரண்டாவது தடவை எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு பரமசிவம் போய் நின்றார்.

படம் வாங்கப் போகவேண்டிய நாள் வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்சவேணி குடியாத்தம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டுமே என்று, கணவர் கேட்காமலே முறத்தை எடுத்துக் கர்னலின் வேலைக்கு மணல் புடைத்தும் வைத்தாள்.

டாக்டர் இரண்டு உறைகளில் ஒன்றை எடுத்துப் படத்தை உருவினார். மேஜை விளக்கு எரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

அவர் பேசுவதற்கு முன்னாலேயே அம்சவேணி பார்த்துவிட்டாள். ரவை. மேலே இரண்டு பக்கமும் நெருக்கமாக, கீழே போகப்போக விட்டுவிட்டு. கிரகணத்தன்று பார்த்த அதே நெஞ்சு. அவளுக்குக் காது அடைத்தது. கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் அவர் வளைந்துபோனார். மூத்த மைத்துனருக்குச் சொல்ல வேண்டும், இந்திராணியிடம் இன்றைக்குச் சொல்லக்கூடாது, ராத்திரியில் அவர் சாய்ந்து உட்கார இன்னும் இரண்டு தலையணை வேண்டும் என்று மனது பாட்டுக்கு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் படத்தின் மூலையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "அம்... அம்ஸ்வேணி. ஆப் ஹைன்?"

நீங்களா என்று அவர் கேட்டது அவள் காதில் ஏறவில்லை. டாக்டர் மற்ற படத்தையும் எடுத்துப் பார்த்தார். பரமசிவத்தைப் பார்த்து, உங்கள் நெஞ்சு பில்குல் சாஃப், துளி மாசில்லை, பீடி இருமல்தான், பீடியை விடுங்கள் என்றார் ஹிந்தியில்.

அம்சவேணிக்கு முதலில் வந்தது நிம்மதி. இப்படியும் ஒரு ஜன்மம் உண்டா என்று அவளைத் திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் அதுதான் உண்மை. 'அவருக்கு ஒண்ணுமில்ல' என்ற ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது. முகம் மலர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முதல் படம் யாருடையது என்பது அவளுக்கு உறைத்தது.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று டாக்டர் அவளை ஹிந்தியில் கேட்டார். "கல் உடைக்கிற வேலையா? குவாரியிலா?"

"நை ஜி. கர் மே ஹீ ரஹ்தீ ஹூம்." வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள். வேறு என்ன சொல்வாள்? யார் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயதில்?"

"வீட்ல."

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்போது பரமசிவம், "ஜூட் போல்தீ ஹை சாப்" என்றார். பொய் சொல்கிறாள். கனைத்துவிட்டு ஹிந்தியில் மேலே சொன்னார். பெட்டியைச் சொன்னார். மணலைச் சொன்னார். கையை உள்ளே விடுகிறவன் நான், தூசி முழுக்க வாங்குகிறவள் இவள் என்றார். முறம் என்பதற்கு அவருக்கு ஹிந்தி வரவில்லை. வார்த்தை கிடைக்காமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத முறத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பரமசிவம் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்சவேணி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

டாக்டர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. உள்ளே போனதை எடுக்க மருந்து கிடையாது, இனி ஒரு துளி போகக்கூடாது என்றார். இந்த நெஞ்சில் டிபி சுலபமாக வந்து உட்காரும், சளியை எடுத்துப் பார்க்க வேண்டும், மாதாமாதம் வரவேண்டும் என்றார். எத்தனை வருஷம் தாங்கும் என்று பரமசிவம் கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்து சீட்டை எழுதத் தொடங்கினார்.

பஸ்ஸில் அம்சவேணிதான் பேசிக்கொண்டு வந்தாள். "பீடிய உட்டுடணும். டாக்டரே சொல்லிட்டாரு இல்ல? இன்னியிலேர்ந்து கட்டு. இந்திராணிகிட்ட அப்பாக்கு ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லுங்க. என்னுது அப்பால சொல்லிக்கலாம்." பரமசிவம் இரண்டு உறைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். இத்தனை நாள் அவள் சுமந்த பயம் ஒரே காலையில் அவர் தலையில் ஏறிவிட்டது. அவளுக்கு லேசாக இருந்தது. வீட்டில் என்ன சமைப்பது என்றுகூட யோசித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறைக்குள் போனாள். பரமசிவம் பின்கட்டுக்குப் போனார். பெட்டிக்குள் கர்னலின் ரிம் பாதி வெள்ளியும் பாதித் துருவுமாகக் கிடந்தது. டின் நிறையப் புடைத்த மணல். அவள் நேற்றுப் புடைத்தது. அள்ளினால் ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை. சமையலறைக் கதவு ஓரம் அந்தத் தகரக் குழாயும் கோணிப்பையும் தொங்கின. அந்த இடத்தில், நிழல் இருக்கிறது என்று, அவள்தான் உட்காருவாள். அந்தக் குழாயை அங்கே வைத்தவர் அவர்தான்.

அவருக்கு அழுகை வந்தது. பெண்ணுக்கும் பெண்டாட்டிக்கும் கேட்கக்கூடாது என்று கம்ப்ரசர் ஸ்விட்சைப் போட்டார். சுவர் அதிரக் கூச்சல் எழும்பிற்று. பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எவ்வளவு அழுதாலும் அவர் அழுவது அவருக்கே கேட்கவில்லை.

சற்று நேரம் கழித்து அதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கூச்சலில் எது நடந்தாலும் கேட்காது. ஆறு வருஷமாக இந்தக் கூச்சலில்தான் அவர் இங்கேயும் அவள் அங்கேயுமாக இருந்தார்கள்.

ஸ்விட்சை அணைத்தார்.

கம்ப்ரசர் இரண்டு முறை முனகி அடங்கியது. சமையலறையிலிருந்து இருமல் கேட்டது. ஒன்றல்ல, தொடராக, மூச்சு வாங்க இடமில்லாமல், வறட்டு இருமல். பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. பிறகு நின்றது.

அம்சவேணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்தாள். "இன்னாங்க, அதுக்குள்ள நிறுத்திட்டீங்க? கர்னலு ஆளு வருவானே."

"எத்தினி நாளா இப்பிடி இருமுற?"

"எப்பவும் இல்லிங்க." அவரைத் தேற்றுவதற்காகச் சிரித்தாள். "மிஷின் ஓட்றப்ப மட்டுந்தான். அது நின்னுதுன்னா இதுவும் நின்னுடும்."

சொல்லி முடிப்பதற்குள் மறுபடி வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மிஷின் நின்றுபோயிருந்தது. பரமசிவம் ஸ்விட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல், அது முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.